தானாக ஓடிய டீசல் இன்ஜின் குறித்து மெக்கானிக் சங்கரலிங்கம் சொன்னது

பெயர்: சங்கரலிங்கம். தகப்பனார் பெயர்: ஆவுடையப்பன். வயது: 44. தொழில்: மோட்டார் மெக்கானிக். சொந்த ஊர் சங்கரன்கோவில். தற்போது இருப்பது மட்டாஞ்சேரி, கூவப்பாடம், கோயில் குளத்துக்குப் பின்புறம் உள்ள ஓட்டு வீடு. கொச்சிக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. தேதி: 1984 பிப்ரவரி 15, புதன்கிழமை. நேரம்: காலை பத்தரை மணி.

எனக்கு மலையாளம் பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல, பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஏட்டு அனந்தநாராயணன் தமிழில் எழுதுகிறார். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானாக வந்தேன். நேற்றும் வந்தேன். தமிழ் எழுதுகிற ஆள் லீவு என்று திருப்பி அனுப்பினார்கள்.

கடந்த திங்கட்கிழமை மாலை என் ஷெட் வாசலில் கைவண்டிக்காரர் வீரபாண்டி மீது மோதிய அம்பாசிடர் டீசல் கார், செரளாயில் வசிக்கும் திரிபுரசுந்தரி அம்மாளுக்குச் சொந்தமானது. வயது சுமார் 55 இருக்கும். கணவர் இறந்த பிறகு இந்த வண்டியை வாடகைக்கு விட்டு நடத்தி வருகிறார். டிரைவர் ராசப்பன், வயது 29, நான்கு வருடமாக அதே வண்டியை ஓட்டுகிறார். காலையில் ஐந்து குழந்தைகளைத் தேவராவில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது நிரந்தர ஓட்டம். இடைப்பட்ட நேரத்தில் வேறு வாடகை ஓடும். இந்த வண்டியின் வேலை எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து நான்தான் பார்த்து வந்தேன்.

ஜனவரி 9ஆம் தேதி, திங்கட்கிழமை, ராசப்பன் வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்து, தோப்பும்படி பாலத்தில் ஏறும்போது பின்னால் வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் புகை வருவதாகச் சொன்னார். நான் இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன். புகை கறுப்பாக இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று பொருள். டீசலைத் தெளிக்கிற நாசில், பம்ப், அடைத்துப்போன ஏர் கிளீனர் இவற்றைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் புகை நீலமாக இருந்தது. சைலன்சர் வாயில் ஒரு பழைய பேப்பரைப் பிடித்தேன். பேப்பரில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தது. இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்த்தேன். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் புகைந்து பிறகு நின்றுவிட்டால் வால்வு கைடு தேய்ந்திருக்கும். இது பாரம் ஏற ஏற அதிகமாகப் புகைந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து குப்குப் என்று காற்று அடித்தது. நாசிலைக் கழற்றி கேஜ் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் அழுத்தம் மிகவும் குறைவு. அந்தத் துவாரத்தில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தபோது அழுத்தம் ஏறியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால்தான் அப்படி ஏறும். இன்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, ரிங்கும் பிஸ்டனும் மாற்றுவது தவிர இதற்கு வேறு வைத்தியம் இல்லை என்று சொன்னேன். ராசப்பனிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே திரிபுரசுந்தரி அம்மாளின் வீட்டுக்கு நடந்துபோய் அவரிடமும் சொன்னேன்.

இன்ஜினை இறக்கினால் வண்டி பத்து நாள் நிற்கும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுவிடுவது, பரீட்சை முடியட்டும், ஏப்ரலில் செய்யலாம் என்று அந்த அம்மாள் சொன்னார். அது நியாயம்தான். ஏப்ரல் வரை தாங்கும், ஆனால் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்றேன். அந்தக் காரியத்தை மறுநாளே செய்தேன். இன்ஜின் மேல்மூடியிலிருந்து ஏர் கிளீனருக்கு ஒரு ரப்பர் குழாய் போகிறது. இன்ஜின் உள்ளே சேரும் காற்றும் ஆவியும் வெளியேற வேண்டிய மூச்சுக் குழாய் அது. அதை ஏர் கிளீனரிலிருந்து கழற்றி, கிளீனரின் துவாரத்தை அடைத்துவிட்டு, குழாயை வண்டிக்கு அடியில் தொங்கும்படி கட்டினேன்.

ஏன் என்று ஏட்டு கேட்டார். இன்ஜின் தானாக எப்படி ஓடும் என்றும் மூன்று தடவை கேட்டுவிட்டார். ஆகையால் மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் அணைவதற்கு டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றும் எண்ணெயும் உள்ளே போனால் அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். டாஷ்போர்டில் உள்ள ஸ்டாப் நாபை இழுத்தால் டீசல் வருவது நிற்கும், இன்ஜினும் நிற்கும். ஆனால் ரிங் தேய்ந்த இன்ஜினில் அழுத்தம் கீழே இறங்கி, அடியில் இருக்கிற ஆயிலைப் புகையாக்கி மேலே தள்ளும். மூச்சுக் குழாய் ஏர் கிளீனரில் மாட்டியிருந்தால் அந்த ஆயில் புகை காற்றோடு கலந்து இன்ஜினுக்குள்ளேயே திரும்பப் போகும். டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் தன் ஆயிலைக் குடித்தே ஓடும். வேகம் கூடக் கூட இன்னும் குடிக்கும். ஆயில் தீர வேண்டும், அல்லது இன்ஜின் உடைய வேண்டும், அல்லது காற்று வருகிற வழியை அடைக்க வேண்டும். இவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நான் ரிங் என்று சொல்லி ஒரு வாரம் ஆவதற்குள் எதிரே உள்ள சாயாக் கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலப்படம் என்றார் ஒருவர். புது சைலன்சர் போட்டால் சரியாகும் என்றார் இன்னொருவர், அவர் வாழைக்காய் வியாபாரி. ஜனவரி 18ஆம் தேதி வண்டியை ஆலுவாவுக்குக் கொண்டுபோய், யாரோ சொன்ன ஒரு பம்ப் ஷாப்பில் நான்கு நாசிலையும் மாற்றினார்கள். புகை அப்படியே இருந்தது. ஜனவரி 27ஆம் தேதி இடப்பள்ளியில் ஒருவர் சொன்னார் என்று கெட்டி ஆயில் வாங்கி ஊற்றினார்கள். இரண்டு நாள் புகை குறைந்தது. அந்த இரண்டு நாளும் திரிபுரசுந்தரி அம்மாள் என் ஷெட் வழியாகப் போனபோது என்னைப் பார்த்து, "பார்த்தேளா மேஸ்திரி, ஒரு டின் ஆயில்ல தீர்ந்துபோற வியாதிக்கு நீங்கோ ஆபரேஷன் பண்ணணும்னேளே" என்று சொன்னார். மூன்றாம் நாள் முன்னைவிடப் புகைந்தது. ரிங் என்று அவரிடம் மொத்தம் நான்கு தடவை சொல்லியிருக்கிறேன். நான்கு தடவைக்கும் தேதி சொல்ல முடியும். பேப்பரில் எண்ணெய்ப் பொட்டைக்கூடக் காட்டினேன். அவர் அதை மடித்து, விரலைத் துடைத்துக்கொண்டார்.

ராசப்பனிடம் ஆயில் குறையாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தேன். வாரத்துக்கு ஒன்றரை லிட்டர் எரிந்தது. அவர் தினமும் அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பார். குறைந்தால் ஊற்றுவார். ஆயில் கூடினாலும் மூச்சுக் குழாய் வழியாக ஏறும், அதுவும் ஆபத்து என்று நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு நாளாக யோசித்துப் பார்த்ததில், சொல்லவில்லை.

பிப்ரவரி 11ஆம் தேதி, சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குத் திரிபுரசுந்தரி அம்மாளும் ராசப்பனும் வண்டியோடு வந்தார்கள். அப்போது நான் ஒரு லாரியின் அடியில் படுத்து கியர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அடியில் தொங்கவிட்ட குழாயின் புகை, கியர் கம்பிக்கு அருகே உள்ள ஓட்டை வழியாக வண்டிக்குள் ஏறுகிறது, வெள்ளிக்கிழமை ஒரு குழந்தை பாலத்தின் மேலேயே வாந்தி எடுத்துவிட்டது, இரண்டு பேருடைய தாயார் வேறு வண்டி பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். "யூனிஃபார்மெல்லாம் நாத்தம். குழந்தைகள் தலைவலி தலைவலின்னு அழறதுகள். குழாயை முன்னே இருந்த மாதிரி மாட்டிடுங்கோ" என்றார். நான் லாரிக்கு அடியிலிருந்தபடியே, மாட்டக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். ரிங் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன் என்றேன். "சொன்னதையே சொல்லிண்டிருந்தா குழந்தை வாந்தி எடுக்கறது நிக்குமா?" என்று கேட்டார்.

அந்தக் குழாயோடு இன்னொரு நீளக் குழாயை இணைத்து, பின் பம்பர் வரை கொண்டுபோயிருந்தால் புகை உள்ளே வந்திருக்காது. இன்ஜினுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அரை மணி நேர வேலை. அதற்கான குழாய் ஷெட்டில் சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது அப்போதே தோன்றியது. ஆனால் ஒரு மாதமாக என் பேச்சை யாரும் கேட்கவில்லை என்ற எரிச்சலில் இருந்தேன். லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, பானெட்டைத் திறந்து, தொங்கிய குழாயை இழுத்து ஏர் கிளீனரில் மாட்டி, கிளிப்பை முடுக்கினேன். அந்தக் குழாயை மாட்டியது திரிபுரசுந்தரி அம்மாளும் இல்லை, ராசப்பனும் இல்லை. நான்தான். மாட்டிவிட்டு, "போதுமா? இனி என்னைக் கேக்காதிய" என்று சொன்னேன். பானெட்டை ஓங்கிச் சாத்தினேன். ராசப்பன் என் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, குழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?" என்று கேட்டார். ஆபத்து ஒன்றும் இல்லையே என்பதைத்தான் மலையாளத்தில் அப்படிக் கேட்டார். நான் மறுபடி லாரிக்கு அடியில் போய்விட்டேன்.

பிப்ரவரி 13ஆம் தேதி, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலேகால் மணிக்கு அந்த வண்டி என் ஷெட் வாசலுக்கு வந்து நின்றது. ஐந்து குழந்தைகளும் வண்டிக்குள் இருந்தார்கள். பாலம் இறங்கியதிலிருந்து ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையவில்லை என்று ராசப்பன் ஜன்னல் வழியாகச் சொன்னார். தேவராவில் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது, அளவுக் கம்பியில் ஆயில் சரியாகத் தெரியாததால் பாதுகாப்புக்கு இரண்டு லிட்டர் ஊற்றியதாகவும் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நியூட்ரலில் இருந்த இன்ஜின் தானாக வேகம் எடுத்தது. ராசப்பன் ஸ்டாப் நாபை இழுத்தார். நிற்கவில்லை. மறுபடி இழுத்தார். நாப் கம்பியோடு கையில் வந்துவிட்டது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பஸ் ஹாரனை விடாமல் அழுத்திப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு நிமிஷத்தில் சந்து முழுவதும் நீலமும் வெள்ளையுமாகப் புகை நிறைந்து, வண்டியின் பின் கதவு எனக்குத் தெரியவில்லை. கையால் தடவிக் கதவைத் திறந்து குழந்தைகளை ஒவ்வொருவராக வெளியே இழுத்தேன். சாயாக் கடையில் இருந்தவர்கள் அவர்களை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். ஐந்து பேரையும் எண்ணினேன். கடைசிக் குழந்தை சோற்றுப் பாத்திரத்தை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டது. பாத்திரத்தோடு தூக்கினேன்.

ராசப்பன் இறங்கவில்லை. அவர் இறங்கி ஓடியிருக்கலாம். பிரேக்கை மிதித்தபடி, "அண்ணாச்சி, எந்தா செய்யணும்?" என்று கத்தினார். "எந்தா செய்யணும், பறையுங்க!"

அப்போது நான் செய்திருக்க வேண்டியது, பானெட்டைத் திறந்து ஏர் கிளீனர் வாயில் சாக்கை அடைப்பதுதான். எனக்கு அது தெரியும். நான் பயந்தேன். 1971இல் நான் வேலை பார்த்த லாரி ஷெட்டில் ஒரு இன்ஜின் இதே மாதிரி ஓடி, உள்ளே இருந்த ராடு இரும்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. பக்கத்தில் நின்றவருக்கு இரண்டு விரல் போனது. நான் அவருக்கு அடுத்து நின்றிருந்தேன். திங்கட்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் கால் பானெட் பக்கம் போகவில்லை. ஆகையால், "டாப் கியர் போட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, கிளட்சை விடு" என்று ராசப்பனிடம் கத்தினேன். அப்படிச் செய்தால் இன்ஜின் திணறி நிற்கும். சாதாரணமாக அது சரியான வழிதான். ஆனால் அந்த வேகத்தில் இந்த வண்டியின் பிரேக் தாங்குமா என்று நான் யோசிக்கவில்லை. ராசப்பன் நான் சொன்னபடியே செய்தார். வண்டி ஒரு தடவை குலுங்கி, பிரேக்கையும் மீறி முன்னால் பாய்ந்தது. பத்துப் பன்னிரண்டு அடி போய் எதிரே உள்ள அரிசிக் கிட்டங்கிச் சுவரில் மோதி நின்றது. நின்ற பிறகும் இன்ஜின் நிற்கவில்லை.

அந்தச் சுவரோரம் வீரபாண்டி இருந்தது எனக்குத் தெரியாது. ராசப்பனுக்கும் தெரிந்திருக்க முடியாது. வீரபாண்டி அந்தக் கிட்டங்கியில் மூட்டை ஏற்றுகிற கைவண்டிக்காரர், வயது சுமார் 35, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். புகைக்குள் இன்னும் குழந்தை இருக்கிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கமாக வந்ததாகப் பிறகு அறிந்தேன். அவருடைய சத்தம் கேட்டபோதுதான் என் கால் நகர்ந்தது. கைவண்டியில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து, பாதி மடங்கியிருந்த பானெட்டைத் தூக்கி, ஏர் கிளீனர் வாயில் சாக்கை வைத்து நெஞ்சால் அழுத்தினேன். நான்கு அல்லது ஐந்து விநாடியில் இன்ஜின் நின்றது. அவ்வளவுதான் ஆயிற்று. நான்கு அல்லது ஐந்து விநாடி.

அதன் பிறகு எல்லோருமாக வண்டியைப் பின்னால் தள்ளி வீரபாண்டியை எடுத்தோம். இடது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருந்தது. அவருடைய கைவண்டியிலேயே படுக்கவைத்து, ராசப்பன் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, கருவேலிப்படி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் வீரபாண்டி, "கொளந்தைங்க எறங்கிருச்சா?" என்று கேட்டார். எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று ராசப்பன் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில்தான் போலீஸ் வந்து ராசப்பனை அழைத்துப்போனது. நேற்றுக் காலை வீரபாண்டியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

நேற்று மதியம் ஆஸ்பத்திரியில் வீரபாண்டியின் மனைவி பேச்சியைப் பார்த்தேன். "ரெண்டு செருப்பையும் குடுத்துட்டாங்க அண்ணே, இதை எங்க வைக்க?" என்று மட்டும் சொன்னார். அங்கே திரிபுரசுந்தரி அம்மாளும் வந்திருந்தார். பழங்கள் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்து, "மேஸ்திரி, ஓட்டினது ராசப்பன், இடிச்சது ராசப்பன். இதுல குழாய் எங்கே வந்தது? நீங்களும் சொல்லாதீங்கோ, நானும் சொல்லலை" என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் வாந்தி எடுத்தது உண்மை. குழாயை மாட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அதன் பிறகு இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுத ஆள் இல்லை என்றார்கள். ராசப்பனைப் பார்க்க விட்டார்கள். அஜாக்கிரதையாக ஓட்டியதாக அவர்மேல் எழுதியிருக்கிறார்கள். நான் டாப் கியர் போடச் சொன்னதை அவர் போலீசில் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணாச்சி ஷெட்டைப் பூட்டிட்டா நாளைக்கு வேற ஆரு வண்டி நோக்கும்? நீங்க ஒண்ணும் பறையண்டாம், போங்க" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இந்த ஒரு மாதத்தில் எத்தனையோ பேர்மேல் கோபப்பட்டிருக்கிறேன். அவ்வளவு கோபம் யார்மேலும் வந்ததில்லை. திட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாப் வரை போய், ராத்திரி முழுவதும் தூங்காமல், காலையில் திரும்பி வந்திருக்கிறேன்.

வண்டி இப்போதும் கிட்டங்கி வாசலில் இருக்கிறது. குழாய் ஏர் கிளீனரில் மாட்டியபடியே இருக்கிறது, நான் தொடவில்லை. கிளிப்பின் திருகாணி என் ஸ்பானரால் முடுக்கியது. வேண்டுமானால் வேறு மெக்கானிக்கை வைத்துப் பார்க்கலாம். மூன்றாவது சிலிண்டரைத் திறந்தால் ரிங் தேய்ந்திருப்பதும் தெரியும். ராசப்பன் வேகமாக ஓட்டவில்லை. வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் சொன்னதைச் செய்தார். அதற்கு முன்னாலும் நான் சொன்னதைத்தான் செய்து வந்தார். என் பேச்சை யாரும் கேட்கவில்லை என்று மேலே சொல்லியிருக்கிறேன். அது தவறு. அவர் கேட்டார்.

இதை இப்படியே எழுதினால் என் பெயரும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சேரும், யோசித்துச் சொல்லலாம், ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம் என்று ஏட்டு சொன்னார். யோசித்தாகிவிட்டது என்றேன். எழுதியதைப் படித்துக் காட்டியபோது, "டிரைவரின் அஜாக்கிரதையால்" என்று இரண்டு இடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. வழக்கமாக எழுதுகிற வார்த்தை, கை தானாக எழுதிவிட்டது என்று ஏட்டு சொன்னார். அந்த இரண்டு இடத்தையும் என் முன்னால் அடிக்கச் செய்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மீதி உள்ளதெல்லாம் நான் என் வாயால் சொன்னது, நடந்தபடி சொன்னது, யாருடைய பயமுறுத்தலும் தூண்டுதலும் இல்லாமல் சொன்னது. படிக்கக் கேட்டேன். இனி அடிக்க வேண்டிய வரி எதுவும் இல்லை.

(ஒப்பம்) ஆ. சங்கரலிங்கம்

என் முன்னிலையில் சொல்லி, என்னால் எழுதப்பட்டு, படித்துக் காட்டப்பட்டது. அடித்தல் இரண்டு. இதன் பேரில் டிரைவர் ராசப்பனை ஜாமீனில் விட மேலதிகாரி உத்தரவிட்டு, மாலை மூன்று மணிக்கு அவர் வெளியே விடப்பட்டார். சங்கரலிங்கம் ஸ்டேஷனில் இருத்தப்பட்டுள்ளார். மேற்படி ராசப்பன் வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

(ஒப்பம்) அனந்தநாராயணன், ஏட்டு